கட்டுச்சோற்று அங்கம்

குழு: மாடிவீட்டுக் கூட்டம்
ஞாயிறு, பிற்பகல் 3.05

அம்மா: டோக்கியோவில் மழை என்று போனில் காட்டுகிறதே. குடை எடுத்துப் போனாயா? மதியம் சாப்பிட்டாயா?

அக்கா: 📷

அக்கா: குடை இருக்கிறது அம்மா. கபுகி, அதாவது ஜப்பானின் பழைய மேடை நாடகம், பார்த்துவிட்டு இப்போதுதான் வெளியே வந்தேன். முழு நாடகத்துக்கும் போனால் கட்டுப்படியாகாது. நாலாவது மாடியில் ஓர் அங்கத்துக்கு மட்டும் டிக்கெட் தருவார்கள், அதில் ஏறிவிட்டேன்.

தம்பி: நடுவில் போய் உட்கார்ந்து நடுவிலேயே எழுந்து வருவதா? கதை எப்படிப் புரியும்?

அக்கா: கதை தெரியாமல் அங்கே யாரும் வருவதில்லை. சூஷிங்குரா, 1748-இல் ஒசாகாவில் பொம்மலாட்டத்துக்காக எழுதியது. எஜமானின் சாவுக்கு 47 சாமுராய்கள் பழிவாங்கிய கதை. 1703-இல் நிஜமாக நடந்தது. சொன்னால் தலை போகும் என்பதால் பெயர்களை மாற்றி, காலத்தைப் பின்னே தள்ளி எழுதினார்கள். நான் பார்த்தது ஐந்தாம் அங்கமும் ஆறாம் அங்கமும்.

அம்மா: நான் கேட்டது சாப்பாட்டை.

அத்தை: படத்தில் கறுப்பு உடையில் ஒருவன் நிற்கிறானே, அது பட்டா? என்ன வழுவழுப்பு.

அக்கா: பட்டுதான் அத்தை. அரங்கில் படம் எடுக்க விடமாட்டார்கள், அது வாசல் போஸ்டர். அவன் பெயர் சதாகுரோ. மேடையில் சில நிமிடம்தான் இருப்பான். ஒரே ஒரு வசனம். “ஐம்பது ரியோ.” ரியோ என்றால் அந்தக் காலத் தங்கக் காசு. அவ்வளவுதான், செத்துப்போவான்.

தம்பி: எனக்கு அந்த வேடம் வேண்டும். மனப்பாடம் செய்ய ஒன்றும் இல்லை.

அக்கா: கேள். இரவு, மழை, யமசாகி நெடுஞ்சாலை. ஒரு கிழவர் மடியில் பணத்தோடு வருகிறார். மகளைக் கியோட்டோவின் கியோன் தெருவுக்கு விற்று வாங்கிய முன்பணம். மருமகன் கன்பெய் அந்தப் பழிவாங்கும் கூட்டத்தில் சேரப் பணம் வேண்டுமே, அதற்காக. சாலையோரம் நெற்கதிர்க் கட்டுகள் காயப் போட்டிருக்கும். அதற்குள்ளிருந்து இரண்டு வெள்ளைக் கைகள் வந்து பையைப் பறிக்கும். அப்புறம் கத்தி. கிழவர் விழுவார். அவன் வெளியே வந்து ஈரத்தை உதறிவிட்டு, இருட்டில் விரலால் தடவித் தடவி எண்ணுவான். அந்த “ஐம்பது ரியோ” அப்போதுதான் வரும்.

பெரியப்பா: மகளை விற்ற காசு. பாவம் மனிதர்.

அக்கா: உடனே ஒரு காட்டுப்பன்றி ஓடிவரும் பெரியப்பா. பன்றித் தோலுக்குள் ஆள்தான். அதைப் பார்த்து இவன் ஒளிந்துகொள்வான். பன்றியை வேட்டையாட வந்த கன்பெய் இருட்டில் சுட, குண்டு இவன்மேல் படும். வாயிலிருந்து ரத்தம் வழிந்து வெள்ளைத் தொடையில் சொட்டும். கறுப்பு உடை, வெள்ளைக் கால், சிவப்புச் சொட்டு. நாலாவது மாடியில் இருந்த எனக்கே அந்தச் சொட்டு தெரிந்தது.

அத்தை: யார் தைத்தார்களோ, கணக்குப் போட்டுத்தான் தைத்திருக்கிறார்கள். வேறு எந்த நிறமாக இருந்தாலும் அந்தச் சிவப்பு எடுபடாது.

அக்கா: நீங்கள் ஒரே வரியில் பிடித்துவிட்டீர்கள் அத்தை. அந்தக் கணக்குப் போட்டவர் 1766-இல் இருந்த ஒரு நடிகர். நகாமுரா நகாசோ. இன்றைக்கு வரை சதாகுரோ வேடத்துக்கு அவர் உடைதான். கதிர்க்கட்டுக்குள் ஒளிவது போன்ற நுணுக்கம் பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. கறுப்புப் பட்டும் வெள்ளைப் பூச்சும் அவருடையது.

நான்: அதற்கு முன் என்ன உடை?

அக்கா: வழிப்பறிக்காரன் உடை. பஞ்சு வைத்த முரட்டு அங்கி, தலையில் முக்காடு, காலில் சுற்றிய துணி. பார்த்ததும் திருடன் என்று தெரிய வேண்டும் என்று போட்டது. யாரும் அவனை உற்றுப் பார்த்ததும் இல்லை. ஐந்தாம் அங்கத்துக்கு அங்கே ஒரு பெயரே உண்டு, “பெண்டோ அங்கம்”. பெண்டோ என்றால் கட்டுச்சோறு. அந்தக் காலத்தில் நாடகம் விடியற்காலையில் தொடங்கிப் பொழுது சாயும்வரை நடக்கும். நாலாம் அங்கத்தில் எஜமான் வயிற்றைக் கிழித்துச் சாவார், யாரும் அசையக்கூடாது. ஆறில் கன்பெய் சாவான். நடுவில் இருக்கிற ஐந்தில் எல்லோரும் சோற்றைப் பிரிப்பார்கள்.

தம்பி: நல்ல ஏற்பாடு.

அம்மா: அப்போது நீ எந்த அங்கத்தில் சாப்பிட்டாய்?

அக்கா: சொல்கிறேன் அம்மா.

பெரியப்பா: இந்த நகாசோ பெரிய நடிகர் வீட்டுப் பிள்ளையா? அப்படி இல்லாமல் ஓர் ஆள் உடையை மாற்ற விடுவார்களா?

அக்கா: அதுதான் விஷயமே பெரியப்பா. கபுகியில் பெயரே சொத்து. தஞ்சூரோ என்ற பெரிய நடிகர் பெயர் என்றால் ஒன்றாம், இரண்டாம், மூன்றாம் தஞ்சூரோ என்று வீட்டுக்குள்ளேயே எண்ணிக்கை போகும். இவர் அப்படி யாருக்கும் பிறக்கவில்லை. 1736-இல் எடோவில் பிறந்தவர். இன்றைய டோக்கியோதான் எடோ. சிறு வயதிலேயே நாகவுதா என்ற கபுகிப் பாட்டைப் பாடும் ஒருவர் வீட்டில் தத்துப் பிள்ளையாக வளர்ந்தார். வளர்ப்புத் தாய் ஷிகாயாமா என்ற பழைய நடன மரபின் ஆசிரியை. கால் வைக்கத் தெரிந்த நாளிலிருந்து நடனம், அதுவும் கண்டிப்பான பயிற்சி.

அக்கா: பத்து வயதுக்கு முன்பே மேடை. நடுவில் விட்டுவிட்டுப் போய்த் திரும்பி வந்தபோது கடைசிப் படியில் உட்கார வைத்தார்கள். “இனாரிமாச்சி” என்று சொல்வார்கள். கொட்டகைத் தரைத்தளத்தில் இனாரி சாமியின் மாடத்துக்குப் பக்கத்தில் இருந்த பொது அறை. அங்கே இருப்பவர்களுக்கு வேடம் என்றால் கூட்டத்தில் நிற்பது, குதிரைக் காலாக நடப்பது. சக நடிகர்கள் அவரைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை.

நான்: அப்புறம் எப்படி மேலே வந்தார்?

அக்கா: நாலாம் இச்சிகாவா தஞ்சூரோ கண்ணில் பட்டார். இதற்கு ஒரு கதை உண்டு. ரகுகோ என்று, மெத்தையில் உட்கார்ந்தபடியே ஒருவர் சொல்லும் கதைக்கலை, அதில் சொல்வார்கள். நகாசோவுக்கு ஒரு வரி வசனம், தூதுவன் வேடம். மேடைக்கு ஓடிவந்து மண்டியிட்டதும் வரி மறந்துபோனது. எதிரே தஞ்சூரோ. மற்றவன் என்றால் உளறிக் கொட்டியிருப்பான். இவர் நேராகத் தஞ்சூரோ அருகே போய்க் காதில் ரகசியச் செய்தி சொல்வதுபோல, “ஐயா, வசனம் மறந்துவிட்டது” என்றாராம்.

தம்பி: 😂😂😂

அக்கா: தஞ்சூரோவும் செய்தி கேட்டதுபோலத் தலையாட்டிவிட்டு நாடகத்தை நகர்த்தினாராம். உள்ளே போனதும் திட்டுவார் என்று எதிர்பார்த்தால், இவனிடம் சரக்கு இருக்கிறது என்று சேர்த்துக்கொண்டாராம்.

பெரியப்பா: நம்பும்படியாகத்தான் இருக்கிறது. ஆனால் கதை சொல்கிறவர்கள் கையில் பட்டால் எல்லாமே நம்பும்படியாகத்தான் இருக்கும்.

அக்கா: உண்மைதான். அவர் மேலே வந்ததும் தஞ்சூரோ ஆதரித்ததும் வரலாறு. காதில் சொன்னது கதை. எப்படியோ, பெயர்ப்பலகையில் பெயர் எழுதுகிற வரிசைக்கு வந்துவிட்டார். குடும்பப் பெயர் இல்லாமல் அந்தப் படி ஏறுவது அபூர்வம். ஏறிய சூட்டில், இச்சிமுரா கொட்டகையில் சூஷிங்குரா. இவருக்குக் கொடுத்தது சதாகுரோ மட்டும். அதுவும் சோற்று நேரத்தில்.

அத்தை: வேண்டுமென்றே கொடுத்திருப்பார்கள்.

அக்கா: கொட்டகையின் நாடக ஆசிரியருக்கு இவரைப் பிடிக்காது என்றுதான் ரகுகோவில் வரும். நகாசோ மனம் உடைந்து, வழி காட்டு என்று யனகிஷிமா மியோகென் கோயிலுக்குத் தினமும் நடப்பார். கடைசி நாள் திரும்பும்போது மழை. ஒரு சோபா கடைக்குள் ஒதுங்குவார். சோபா என்றால் ஒருவகை நூடுல்ஸ். அங்கே சொட்டச் சொட்ட நனைந்த ஒரு சாமுராய் நுழைவான். தேய்ந்துபோன கறுப்புப் பட்டு, மழிக்காமல் வளர்ந்துவிட்ட முன்மண்டை முடி, கிழிந்த குடை. குடையைத் தரையில் எறிந்து, கையை விட்டுச் சட்டை நீரைப் பிழிவான். இவருக்கு, “இதோ என் சதாகுரோ!”

பெரியப்பா: சரியாக அன்றைக்கு, சரியாக அந்தக் கடைக்குள். கோயிலிலிருந்து வரும் வழியில்.

நான்: பெரியப்பாவுக்குக் கணக்கு இடிக்கிறது.

பெரியப்பா: முப்பத்தைந்து வருடம் தணிக்கை பார்த்தவன் நான். ரசீது இல்லாமல் எதுவும் ஏற்க மாட்டேன்.

அக்கா: ரசீது ஒன்று காட்டட்டுமா? நாடகத்தையே எடுத்துப் பாருங்கள். சதாகுரோ யார்? ஒனோ குதாயுவின் மகன். குதாயு அந்த எஜமானிடம் பெரிய பதவியில் இருந்த சாமுராய். மகன் தறிகெட்டுப் போனதால் அப்பன் துரத்திவிட்டான். அதாவது பட்டில் வளர்ந்தவன், வேலையும் வீடும் இல்லாமல் வழிப்பறிக்கு இறங்கியிருக்கிறான். இது பிரதியிலேயே இருக்கிறது. அவனுக்கு எதற்கு மலைக்கள்ளன் அங்கி?

அத்தை: அப்படியானால் இருக்கிற ஒரே நல்ல துணியைத்தான் அவன் போட்டிருப்பான். அதுவே தேய்ந்து போயிருக்கும்.

அக்கா: அதேதான்! மழையில் ஆள் வந்தானோ இல்லையோ, அந்த மனிதர் தன் சின்ன வேடத்தைப் பற்றி முழு நாடகத்திலும் தேடிப் படித்திருக்கிறார் என்பது எனக்குத் தெளிவு. எனக்கு மழைக்கதையைவிட இதுதான் பிடித்திருக்கிறது. கறுப்பு ஹபுதாயே பட்டு, முகம், கை, கால் எல்லாம் வெள்ளைப் பூச்சு, சிவப்பு உறையில் வாள், வளர்ந்த முடி. ஒன்றொன்றும் “நான் சாமுராய் வீட்டுப் பிள்ளை, இப்போது வேலையில்லாதவன்” என்று சொல்கிறது. அதனால்தான் ஒரு வசனம் போதுமாக இருக்கிறது.

பெரியப்பா: ம். இது ரசீது.

நான்: முதல் நாள் என்ன நடந்தது?

அக்கா: ரகுகோவில் அந்த இடம் நன்றாக இருக்கும். உடம்பில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, கிழிந்த குடையோடு, பார்வையாளர் நடுவே போகும் நடைமேடையில் ஓடிவருவார். எல்லோரும் வாயில் சோறு. யார்மேலோ தண்ணீர் தெறிக்கும். நிமிர்ந்து பார்ப்பார்கள். அவ்வளவுதான், கூச்சல் இல்லை, பாராட்டு இல்லை, கொட்டகை முழுக்க மூச்சுச் சத்தம் கூட இல்லை. நகாசோவோ, தோற்றுவிட்டோம் என்று நினைத்துக்கொள்வார்.

தம்பி: ஏன்? சத்தம் இல்லாவிட்டால் நல்லதுதானே?

அக்கா: கபுகியில் பிடித்துப்போனால் நடிகரின் வீட்டுப் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். இவருக்கு “சகாயேயா!” அது வரவில்லை என்றால் முடிந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம், இனி எடோவில் முகம் காட்ட முடியாது, ஒசாகாவுக்குப் போகிறேன் என்று மூட்டை கட்டுவார். தெருவில் இறங்கினால் ஒரு கிழவர் இன்னொருவரிடம், “நகாசோவின் சதாகுரோவைப் பார்த்தாயா? பார்க்காவிட்டால் நீ நாடகமே பார்க்கவில்லை” என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

பெரியப்பா: இதுவும் கதைதானே?

அக்கா: கதைதான். வேடம் பெரிய வெற்றி என்பது கதை இல்லை. ஓவியர் கட்சுகாவா ஷுன்ஷோ இவரைச் சதாகுரோவாக வரைந்து மரக்கட்டை அச்சில் விட்டார். அதற்கு முன்பெல்லாம் நடிகர் படம் என்றால் எல்லா முகமும் ஒரே முகம், உடைச் சின்னத்தைப் பார்த்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். ஷுன்ஷோவின் தலைமுறைதான் அவரவர் மூக்கை அவரவருக்குக் கொடுத்தது. அதனால் 1766-இன் நடிகர் எப்படி இருந்தார் என்று நமக்கே தெரியும். 📷

அத்தை: அழகன் இல்லை. ஆனால் கண் விடமாட்டேன் என்கிறது.

தம்பி: நீளமான முகம். பெரியப்பா சாயல்.

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அக்கா: 😄 அப்புறம் ஏறுமுகம்தான். குழுத் தலைவர் வரை போனார். வளர்ப்புத் தாய் கொடுத்த நடனம் கைவிடவில்லை. 1784-இல் “செக்கி நோ தோ” என்ற நடன நாடகம், பனியில் பூத்த செர்ரி மரமும் சுங்கச்சாவடிக் காவலனும். காவலன் இவர், மரத்தின் ஆவி மூன்றாம் செகாவா கிகுனோஜோ, பெண் வேடத்தில் பெரிய பெயர். அதையும் இன்றுவரை ஆடுகிறார்கள். நடுவில் ஒரு பருவம் நகாசோ என்ற பெயரை ஒதுக்கி வைத்துவிட்டு, வளர்ப்புத் தந்தையின் நகாயாமா கொஜூரோ என்ற பெயரில் ஆடினார். இத்தனை புகழுக்குப் பிறகு. தன் வாழ்க்கையைத் தானே எழுதியும் வைத்தார், “நிலா, பனி, பூ” என்று தொடங்கும் தலைப்பு. 1790-இல் போய்விட்டார்.

அத்தை: வளர்த்தவர் பெயரைப் போட்டுக்கொண்டாரா. நல்ல பிள்ளை.

அம்மா: எல்லாம் படித்தேன். அந்தக் கறுப்பு உடைக்காரனுக்கு இரண்டு வேளைச் சோறு கூடக் கிடைத்திருக்காது போல. நீ எங்கே இருக்கிறாய் இப்போது?

அக்கா: ஹிகாஷி கின்சா ஸ்டேஷனில் அம்மா. அரங்கின் அடித்தளத்திலிருந்து நேராக வரலாம். இங்கே மணி ஏழு ஆகிறது. பெஞ்சில் உட்கார்ந்துதான் இத்தனையும் டைப் செய்தேன்.

அம்மா: சாப்பாடு?

அக்கா: உள்ளே போகும்முன் கீழேயே ஒரு பெண்டோ வாங்கினேன். ஆட்டம் நடக்கும்போது இப்போது சாப்பிடக்கூடாது. இடைவேளையில் சாப்பிடலாம் என்று பையில் வைத்தேன். அப்புறம் அந்த இரண்டு கை வந்தது, மறந்துவிட்டேன்.

அம்மா: காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையா???

அக்கா: 📷 இதோ, பிரிக்கிறேன். நிற்க வைத்துத் தூக்கி வந்ததில் சோறு ஒரு மூலைக்குப் போய்விட்டது.

அப்பா: அந்த மஞ்சளாக இருப்பது என்ன? முட்டையா?

அம்மா: இவர் இவ்வளவு நேரம் இங்கேதான் இருந்தாரா!