ஆளைக் கொடுத்தது நான், 25,000-த்தோடு முடிந்ததா?

தரமணிவாசி
ஐந்து வருடமாக ஃப்ரீலான்ஸ் எஸ்ஏபி (கம்பெனிகளின் கணக்கு, சரக்கெல்லாம் பார்க்கும் சாஃப்ட்வேர்) வேலை பார்க்கிறேன். கிளையண்டிடம் நேராக இல்லை, ஒரு ஏஜென்சி வழியாக. அங்கிருக்கும் பெண் ஒரு நாள் வாட்ஸாப்பில் கேட்டார்: "சார், ஃபிக்கோ தெரிஞ்சவங்க, உடனே சேரக்கூடியவங்க யாராவது இருக்காங்களா?" ஃபிக்கோ என்றால் எஸ்ஏபி-யில் நிதி, கணக்குப் பகுதி. பழைய டீம் நண்பர் ஒருவரைக் கைகாட்டினேன். பத்தே நாளில் சேர்ந்துவிட்டார். எனக்கு ரெஃபரல் 25,000 ரூபாய், அதுவும் அவர் 90 நாள் நிலைத்த பிறகு. இன்னும் 12 நாள் பாக்கி.

நண்பருக்குத் தருவது மாதம் 1,80,000. கிளையண்டுக்குப் போகும் பில் 2,30,000 என்று அங்குள்ள மேனேஜரே டீ குடிக்கும்போது வாய்தவறிச் சொல்லிவிட்டார். மாதம் 50,000 மார்ஜின், வருடத்துக்கு 6 லட்சம் அவர்களுக்கு! அடுத்த முறை மார்ஜினில் 10% மாதாமாதம் கேட்கலாம் என்றிருக்கிறேன். யாராவது கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

முன்னாள்ரெக்ரூட்டர்
அந்த 50,000 முழுக்க லாபம் என்று நினைக்காதீர்கள். உங்கள் நண்பருக்கு மாதாமாதம் பணம் போகிறது. கிளையண்ட் தருவதோ 60 நாள், 90 நாள் கழித்து. அதற்குள் ஏஜென்சி கையிலிருந்து 5 லட்சத்துக்கு மேல் இறங்கியிருக்கும். ஜிஎஸ்டி 18% வேறு. பில் போட்டாயிற்றென்றால், பணம் வந்தாலும் வராவிட்டாலும் மறுமாதம் 20-ந்தேதிக்குள் 41,400 ரூபாய்க்குக் கணக்குக் காட்டியாக வேண்டும்.

மாதாமாதம் பங்கு கேட்டால் உங்கள் நம்பரை மியூட்டில் போடுவார்கள். ஒரே தடவைத் தொகையாக 40,000 கேளுங்கள், பாதி சேர்ந்த மாதத்தில், பாதி 90 நாளில். ஆள் கிடைக்காமல் தவிக்கும் வாரத்தில் கேட்டால் நானே கொடுத்திருக்கிறேன்.

மீனா_கோவை
தொகையை விடுங்கள். நீங்கள் காசு வாங்குவது நண்பருக்குத் தெரியுமா? மார்ஜினில் மாதப் பங்கு என்றால், ரினியூவலில் அவர் ரேட் கூட்டிக் கேட்கும்போது நீங்கள் யார் பக்கம்? அவருக்கு ஏறினால் உங்களுக்கு இறங்கும்.

தரமணிவாசி
நான் வாங்காவிட்டால் அது அவருக்கா போகப்போகிறது? ஏஜென்சிக்குத்தான் போகும். கல்யாணத் தரகர் இரண்டு பக்கமும் வாங்கவில்லையா?

மீனா_கோவை
தரகர் வாங்குவது இரண்டு வீட்டுக்கும் தெரியும்.

தனிக்கடை
ரேட் பேசுவது அப்புறம். 'அவர் எங்க டேட்டாபேஸ்ல ஏற்கனவே இருக்கார்' என்று கைவிரிப்பார்களே, அதற்கு என்ன செய்வீர்கள்? எனக்கு நடந்தது. நான் ரெஸ்யூமே அனுப்பி, ஆள் சேர்ந்து, மூன்று மாதம் கழித்துப் பணம் கேட்டால், அவர் 2019-ல் எங்கோ பதிந்து வைத்திருந்தாராம்!

இப்போதெல்லாம் பெயர் சொல்லும் முன்பே ஒரு மெயில் போட்டுவிடுவேன். கடந்த ஆறு மாதத்தில் நீங்கள் எந்தக் கிளையண்டுக்கும் அனுப்பாதவர் என்றால் அது என் ரெஃபரல். தொகை இவ்வளவு. அவராக விலகினால் மட்டுமே கிடையாது, கிளையண்ட் ப்ராஜெக்டை நிறுத்தினால் எனக்கு உண்டு. 'ஒப்புக்கொள்கிறோம்' என்று பதில் மெயில் வந்த பிறகுதான் ரெஸ்யூமே. வாட்ஸாப் நீல டிக்கெல்லாம் எதற்கும் உதவாது.

பில்லையும் தனியாகப் போடுங்கள். மாத பில்லோடு சேர்த்தால் எல்லாவற்றுக்கும் 10% டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடித்துவிடுவார்கள். கமிஷனுக்கான டிடிஎஸ் 2024 அக்டோபரிலேயே 5%-லிருந்து 2% ஆகிவிட்டது. உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருந்தால் அந்த எண்ணையும் பில்லில் போடுங்கள். எழுதிய ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள், இதுதான் சட்டம். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. கேஸ் போடச் சொல்லவில்லை. ஆனால் இழுத்தடித்தால் அந்தச் செலவை அவர்கள் அந்த வருட வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாமல் போகலாம். உத்யம் எண்ணைப் பார்த்ததும் அக்கவுண்ட்ஸில் இருப்பவர் பேசும் தொனியே மாறும்.

முன்னாள்ரெக்ரூட்டர்
டேட்டாபேஸ் விஷயத்தில் நானும் கைவிரித்திருக்கிறேன், மறைக்கவில்லை. ஒரே ஆளை மூன்று பேர் 'நான்தான் சொன்னேன்' என்பார்கள், எங்களுக்கு ஒரு கோடு வேண்டும். ஆறு மாதம் நியாயம். ஆனால் ப்ராஜெக்ட் நின்றாலும் உங்களுக்குத் தர வேண்டும் என்பதை ஏற்க மாட்டேன். 70-வது நாளில் கிளையண்ட் நிறுத்தினால் ஏஜென்சிக்கே நஷ்டம்.

தனிக்கடை
நஷ்டத்தில் பங்கு கேட்கிறீர்கள், லாபத்தில் மட்டும் ஒரே தடவைத் தொகையா? அப்படியானால் தரமணிவாசி கேட்கும் 10% சரிதான்.

முன்னாள்ரெக்ரூட்டர்
பங்கு வேண்டுமென்றால் அந்த 5 லட்சத்திலும் ஒரு பங்கு போடட்டும்.

தரமணிவாசி
மீனா சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. நேற்று ராத்திரி நண்பரைக் கூப்பிட்டு 25,000 விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "அதை வெச்சுக்கோடா, ட்ரீட் குடு" என்றான். அத்தோடு விட்டானா? "என் பில் ரேட் என்ன, உனக்குத் தெரியுமா?" என்றான். ஒரு நிமிஷம் முழித்தேன். அப்புறம் சொல்லிவிட்டேன்.

இன்று காலையே ஏஜென்சிக்கு மெயில் போட்டிருக்கிறான், 2 லட்சம் வேண்டுமென்று. ஏஜென்சிப் பெண்ணிடமிருந்து எனக்கு இரண்டு மிஸ்டு கால். இன்னும் எடுக்கவில்லை.

மீனா_கோவை
எடுங்கள். பில் ரேட்டை யார் சொன்னது என்று அந்தப் பெண் எப்படியும் கேட்பார்.