வழிப்பறியில் காயமடைந்த அண்ணனுக்கு இழப்பீடு கிடைக்குமா? (பெங்களூரு)

அல்சூர்வாசி:
வணக்கம். சிவாஜிநகரில் பூ வியாபாரம் செய்யும் என் அண்ணன், விடியற்காலையில் கே.ஆர். மார்க்கெட்டுக்குச் சரக்கெடுக்கப் போகும்போது, இருவர் மறித்து இரும்புக் கம்பியால் வலக்கையில் அடித்துப் பணத்தைப் பறித்துச் சென்றனர். எஃப்.ஐ.ஆர். பதிவாகி நான்கு மாதங்களாகியும், ஆள் கிடைத்தால் சொல்லி அனுப்புவோம் என்பதே காவல் நிலையத்தின் பதில். இரண்டு விரல்கள் மடங்காததால் அவரால் பூக்கட்ட முடியவில்லை. குற்றவாளி பிடிபடும் வரை காத்திருக்கத்தான் வேண்டுமா?

வழக்கறிஞர்:
வேண்டியதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396-ஆம் பிரிவின்படி, குற்றவாளி யாரென்றே தெரியாமல் வழக்கு நீதிமன்ற விசாரணைக்கு வராவிட்டாலும், பாதிக்கப்பட்டவர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் நேரடியாக இழப்பீடு கோரலாம். ஆணைக்குழு 2 மாதங்களுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். புலன்விசாரணை எந்த நிலையில் உள்ளது என்பதை 90 நாட்களுக்குள் தெரிவிப்பதும் காவல்துறையின் கடமை. இழப்பீடு கோருவதற்கு முன்பாக, எஃப்.ஐ.ஆர். நகலைக் கன்னடம் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டி, எந்தப் பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், வழிப்பறியில் காயம் விளைவித்ததற்கான 309(6) இல்லாமல், வெறும் திருட்டுக்கான 303(2) மட்டும் இருந்தால், அண்ணனின் கைக்காயம் வழக்கில் இல்லவே இல்லை என்று பொருள். அப்படியானால் காயச் சான்றிதழை இணைத்து, பிரிவைச் சேர்க்கக் கோரி டி.சி.பி.யிடம் (காவல் துணை ஆணையர்) எழுத்து மூலம் மனுக் கொடுங்கள்.

மர்ஃபி டவுன் அக்கா:
தம்பி, என் கணவருக்காக விண்ணப்பித்தபோது எஃப்.ஐ.ஆர். நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள், பாஸ்புக் நகல் ஆகியவற்றைக் கேட்டார்கள். விரல்கள் மடங்கவில்லை என்று வாயால் சொன்னால் போதாது. பவுரிங் போன்ற அரசு மருத்துவமனையில் எலும்பு மருத்துவரிடம் காட்டி எழுதி வாங்கிவிடுங்கள். மனு எழுத உதவி வேண்டுமென்றால் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

அல்சூர்வாசி:
மிக்க நன்றி அக்கா, நன்றி ஐயா. தனியார் மருத்துவமனையும் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்கிறார்களே, கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

வழக்கறிஞர்:
இலவசச் சிகிச்சை பற்றிய அந்த விதி, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397-ஆம் பிரிவு, அமிலவீச்சு, பாலியல் வன்கொடுமை போன்ற குற்றங்களில் பாதிக்கப்பட்டவர்களுக்கானது, உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் அந்தச் செலவை இழப்பீட்டு மனுவில் கட்டாயம் காட்டுங்கள். காவல் நிலையத்தில் 'சி ரிப்போர்ட்' (குற்றவாளி கண்டுபிடிக்கப்படவில்லை என்று வழக்கை முடிக்கும் அறிக்கை) போட்டுவிட்டதாகச் சொன்னாலும் மனம் தளர வேண்டாம். ஆள் அகப்பட்டால் வழக்கை மீண்டும் எடுக்கலாம். அதுவரை, குற்றவாளி கண்டுபிடிக்கப்படவில்லை என்பதற்கு அந்த அறிக்கையின் நகலே ஆணைக்குழுவின் முன் உங்களுக்குச் சான்றாகும்.