கமில்லஸ் 5 முறை டிக்டேட்டர், ஒருமுறைகூட கான்சல் இல்லையே, எப்படி?

கேள்வி:
பண்டைய ரோமானியத் தளபதி மார்க்கஸ் ஃபூரியஸ் கமில்லஸுக்குக் காலவரிசை போடுகிறேன். டிக்டேட்டராக (நெருக்கடிக்கு நியமிக்கப்படும் முழு அதிகாரத் தற்காலிகத் தலைவர்) கி.மு. 396, 390, 389, 368, 367 என 5 முறை வருகிறார். கான்சல் (ஆண்டுக்கு இருவராகத் தேர்வாகும் தலைமை அதிகாரி) பட்டியலில் பெயரே இல்லை. 390-ல் ரோமைப் பிடித்த கால் (Gaul) இனத்தாரிடமிருந்து, அவர்கள் விலகிப்போகக் கொடுத்த தங்கத்தை மீட்டார் என்பதை அப்படியே எழுதலாமா?

பதில் 1:
408 முதல் 367 வரை கான்சல்கள் இருந்ததே 393, 392 ஆகிய இரண்டு ஆண்டுகள்தான். அவர்களுக்குப் பதில் 'கான்சல் அதிகாரம் கொண்ட ராணுவ ட்ரிப்யூன்கள்', பெரும்பாலும் ஆறு பேர். கமில்லஸ் அப்படி 6 முறை இருந்தார்: 401, 398, 394, 386, 384, 381. வெறுமனே 'ராணுவ ட்ரிப்யூன்' என்று போட்டுவிடாதீர்கள். அது லீஜியன் என்ற படைப்பிரிவுக்கு ஆறு பேர் இருந்த வேறு பதவி. 403-ல் சென்சார் (குடிமக்கள் கணக்கெடுப்பு அதிகாரி), அதையும் சேருங்கள்.

பதில் 2:
ஆறு தலைமை இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ரோமானியர் நடத்திய வெயி நகர முற்றுகையே சாட்சி. 402-ல் ட்ரிப்யூன் செர்ஜியஸின் முகாம் தாக்கப்பட்டபோது, பக்கத்து முகாமிலிருந்த சக ட்ரிப்யூன் வெர்ஜினியஸ் கேட்டால்தான் வருவேன் என்று இருந்தார்; செர்ஜியஸோ கேட்கவே இல்லை. முகாம் பறிபோனது. 396-ல் டிக்டேட்டராக வந்த கமில்லஸ் முதலில் வீண் மோதல்களைத் தடுத்து, வீரர்களைத் தோண்டும் வேலையில் இறக்கினார். சுரங்கத்துக்கு ஆறு குழுக்கள், குழுவுக்கு 6 மணி நேரம், இரவு பகல் ஓயாமல். அது கோட்டைக்குள் ஜூனோ கோயிலில் திறந்ததாக ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி சொல்கிறார். கோயில் காட்சியில் நாடகம் கொஞ்சம் தூக்கல்தான்.

பதில் 3:
தங்கக் கதையை 'லிவியின்படி' என்று போட்டு எழுதுங்கள். 1,000 ரோமானிய பவுண்டு, ஏறக்குறைய 327 கிலோ, எடை போடும்போதே கமில்லஸ் வந்து தடுத்தார் என்பது அவர் கூற்று. லிவிக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முந்தைய கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸில் கமில்லஸே கிடையாது: வெனெட்டியர் என்ற இன்னொரு இனத்தார் தங்கள் நாட்டுக்குள் புகுந்ததால் கால் இனத்தார் உடன்பாடு செய்துகொண்டு திரும்பினார்கள். தங்கத்தைப் பல தலைமுறை கழித்து ட்ரூசஸ் என்ற ரோமானிய அதிகாரி மீட்டார் என்றும் ஒரு மரபு உண்டு. மீட்டவர் ஆளுக்கொருவராக மாறினால், அந்தப் பகுதி பின்னால் ஒட்டியது என்றே கொள்ளலாம்.

கேள்வி கேட்டவர்:
சில இடங்களில் 390-க்குப் பதில் 387 என்று இருக்கிறதே?

பதில் 1:
390 என்பது ரோமானிய அறிஞர் வர்ரோவின் ஆண்டுக் கணக்கு. கிரேக்க நிகழ்வுகளோடு ஒப்பிட்டால் 387 அல்லது 386. ஒரே கணக்கில் நில்லுங்கள். வர்ரோ கணக்கில் 375–371 அதிகாரிகளே இல்லாத ஆண்டுகள், அங்கே யாரையும் திணிக்காதீர்கள். கடைசியாக 365, கொள்ளைநோயில் கமில்லஸின் மரணம்.