பழைய பட்ஜெட் கேமிங் கணினி: முதலில் செயலியை மாற்றுவதா, கிராபிக்ஸ் கார்டை மாற்றுவதா?

நாலுகோர் (கேள்வி):

வணக்கம். 2017-ஆம் ஆண்டின் இறுதியில், அப்போது கையில் இருந்த பணத்துக்குள் அடங்கும்படி சேர்த்த கணினியையே இன்று வரை பயன்படுத்தி வருகிறேன். ரைசன் 3 1200 செயலி, பி350 மதர்போர்டு, 2400 வேகத்தில் 8 ஜிபி டிடிஆர்4 ரேம் (ஒரே ஸ்டிக்), 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 450 வாட் பவர் சப்ளை, 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஆகியவை உள்ளே இருக்கின்றன. மானிட்டர் 1080பி, 60 ஹெர்ட்ஸ்.

இணையத்தில் பலரோடு சேர்ந்து ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில், சும்மா நடந்து போகும்போது நொடிக்கு 70 ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் படங்கள்) வருகிறது. நான்கைந்து பேர் ஒரே இடத்தில் கூடிவிட்டால் 40-க்குக் கீழே சரிகிறது. பெரிய திறந்தவெளி விளையாட்டுகளிலோ, வண்டியில் வேகமாக நகருக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் திரை அரை நொடி உறைந்து நிற்கிறது.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற இயலாது. இப்போது ஒரு பாகம், சில மாதங்கள் கழித்து இன்னொன்று என்றுதான் போக முடியும். புதிய கிராபிக்ஸ் கார்டு போட்டால் பழைய செயலி பாட்டில்நெக் (மற்ற பாகங்களைக் காக்கவைக்கும் தடை) ஆகிவிடும் என்கிறார் நண்பர். பாட்டில்நெக் கணக்கிடும் ஓர் இணையதளமும் ஏதோ ஒரு சதவீதத்தைச் சிவப்பில் காட்டிப் பயமுறுத்தியது. எங்கிருந்து தொடங்குவது?

அளந்துபார் (பதில்):

முதலில் அந்தக் கணக்கீட்டுத் தளத்தை மறந்துவிடுங்கள். எந்த விளையாட்டு, எந்த ரெசல்யூஷன், எத்தனை ஹெர்ட்ஸ் மானிட்டர் என்பதையெல்லாம் பொருட்படுத்தாமல், இரண்டு பாகங்களின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு சதவீதம் சொல்வது, மணமக்களைப் பார்க்காமலே பொருத்தம் சொல்வது போன்றது. பாட்டில்நெக் இல்லாத கணினி என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு ஃபிரேமிலும் ஏதோ ஒரு பாகம் கடைசியாக வேலையை முடிக்கிறது, மற்றவை அதற்காகக் காத்திருக்கின்றன. உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்பதால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 16.7 மில்லி விநாடி. அதற்குள் எல்லாப் பாகங்களும் முடித்துவிட்டால், எது எதற்காகக் காத்திருந்தது என்ற கவலையே வேண்டாம். எது அந்தக் கெடுவைத் தாண்டுகிறது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்குக் காசு செலவில்லை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற ஒரு மென்பொருளை நிறுவி, கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடு, அதன் நினைவகம், செயலியின் ஒவ்வொரு கோரும் (செயலிக்குள் தனியாக வேலை செய்யும் பகுதி) தனித்தனியாக, மொத்த ரேம் ஆகிய நான்கையும் விளையாட்டுத் திரையின் மூலையில் தெரியும்படி வையுங்கள். செயலியின் மொத்தப் பயன்பாட்டை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். விளையாட்டின் முதன்மை வேலை பெரும்பாலும் ஒரே கோரின் தலையில்தான் விழும். நான்கு கோர் செயலியில் ஒரு கோர் மட்டும் முழுதாகத் திணறினாலும் மொத்தக் கணக்கு 25 சதவீதம் என்றுதான் காட்டும்.

பிறகு, வழக்கமாகத் தடுமாறும் அதே இடத்தில் ரெசல்யூஷனை 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்கிப் பாருங்கள். வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே குறைந்துவிடும். அப்படியும் ஃபிரேம் எண்ணிக்கை ஏறவில்லை என்றால் குற்றவாளி கிராபிக்ஸ் கார்டு அல்ல. கணிசமாக ஏறினால் கார்டுதான். முடிவுகளை இங்கே எழுதுங்கள், அதற்குப் பிறகு பேசுவோம்.

கேபிள்சிக்கல் (பதில்):

அளப்பதோடு சேர்த்து, பெட்டியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து பவர் சப்ளையின் லேபிளையும் படித்துவிடுங்கள். உங்கள் 1050 டிஐ 75 வாட் வகை; பெரும்பாலான மாடல்கள் மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் என்பதால், இத்தனை ஆண்டுகளாக அந்த 450 வாட்டின் உண்மை நிலை வெளிப்படாமலே இருந்திருக்கலாம். அடுத்து நீங்கள் போடக்கூடிய கார்டுகளுக்குத் தனி 8 பின் இணைப்பு தேவைப்படும். அந்தக் கேபிள் இருக்கிறதா, 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். நான் ஒருமுறை, ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் கேபிளை அடாப்டர் வைத்து 8 பின்னாக மாற்றி ஓட்டினேன். மெனு வரை ஒழுங்காக இருக்கும், ஆட்டம் லோட் ஆகும்போது கணினி சட்டென்று அணைந்துவிடும். கார்டு பழுது என்று இரண்டு வாரம் அதையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாலுகோர்:

இருவருக்கும் நன்றி. நேற்று இரவு முழுவதும் இதே வேலையாக இருந்தேன்.

துப்பாக்கி விளையாட்டில் 1080பி-யில் 70, 720பி-யில் 72. சண்டை நடக்கும்போது இரண்டிலும் ஒரே மாதிரி 38 வரை இறங்குகிறது. அந்த நேரத்தில் கார்டின் பயன்பாடு 55 சதவீதம்தான். நான்கு கோர்களும் 95-க்கு மேலே நிற்கின்றன. திறந்தவெளி விளையாட்டில் கதை வேறு: கார்டு 98 சதவீதம், அதன் 4 ஜிபி நினைவகம் நிரம்பி வழிகிறது, 720பி-க்கு இறக்கினால் ஃபிரேம்கள் நன்றாக ஏறுகின்றன. ஆனால் நகருக்குள் நுழையும் அந்த உறைதல் மட்டும் போகவே இல்லை. அப்போது ரேம் 7.7 ஜிபி, ஹார்ட் டிஸ்க் 100 சதவீதம். பவர் சப்ளையில் 6+2 பின் கேபிள் ஒன்று, இதுவரை பிரிக்காமல், கட்டியபடியே இருக்கிறது.

அளந்துபார்:

அருமையாக அளந்திருக்கிறீர்கள். உங்களிடம் இருப்பது ஒரு நெரிசல் அல்ல, மூன்று. முதல் விளையாட்டில் செயலி, இரண்டாவதில் கார்டு, உறைதலுக்கு ரேமும் டிஸ்கும். ஆகவே செயலியா கார்டா என்ற கேள்விக்கு என் பதில்: இரண்டும் அல்ல, முதலில் ரேம்.

8 ஜிபி நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்கில் எழுதிப் படிக்கத் தொடங்கும்; விளையாட்டும் அதே நேரத்தில் அதே டிஸ்கிலிருந்து நகரத்தின் கட்டடங்களைக் கேட்கும்; சுழலும் தட்டு இரண்டு இடங்களுக்கு மாறி மாறி ஓட முடியாமல் தவிக்கும். நீங்கள் பார்க்கும் அரை நொடி அதுதான். மேலும், ஒரே ஸ்டிக் என்பதால் செயலி இத்தனை நாளும் ரேமுக்கான இரண்டு பாதைகளில் ஒன்றில், அதாவது ஒரு சேனலில்தான் ஓடியிருக்கிறது. இருக்கும் ஸ்டிக்குக்கு ஜோடி தேடாமல், 3200 வேகத்தில் 8 ஜிபி இரண்டு உள்ள ஒரே கிட்டாக வாங்கிவிடுங்கள். முதல் தலைமுறை ரைசன் அந்த 3200-ஐ ஏற்க மறுக்கலாம்; அப்படியானால் 2666-இல் ஓட்டுங்கள், பின்னால் வரும் செயலிக்கு முழு வேகமும் பயன்படும். பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்எம்பி-யை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இயக்க மறந்தால் புதிய ரேமும் குறைந்த வேகத்திலேயே கிடக்கும். கொஞ்சம் பணம் மிஞ்சினால், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு சாதாரண சாட்டா எஸ்எஸ்டி-யே (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போதும்.

அடுத்தது செயலி. உங்கள் போர்டில் இருப்பது ஏஎம்4 சாக்கெட். இதில் 2017-இன் செயலியும் பொருந்தும், 2022-இல் வந்த ரைசன் 5 5600-ம் பொருந்தும். போர்டைத் தயாரித்தவரின் தளத்தில் உங்கள் மாடலுக்கான செயலிப் பட்டியலைப் பார்த்து, அதற்குரிய பயாஸை, பழைய செயலி உள்ளே இருக்கும்போதே ஏற்றிவிடுங்கள். கழற்றிய பிறகு நினைவுக்கு வந்தால் மறுபடி எல்லாவற்றையும் மாட்ட வேண்டியதுதான். செயலியை முன்னால் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் 1200 இல்லை, 5600 இருக்கிறது.

தெர்மல்பேஸ்ட் (பதில்):

செயலியைக் கழற்றும் இடத்தில் ஓர் எச்சரிக்கை. ஏஎம்4 செயலிகளின் பின்கள் செயலியின் அடியிலேயே இருக்கின்றன. பல ஆண்டுகள் காய்ந்த பேஸ்ட் (செயலிக்கும் கூலருக்கும் நடுவில் வெப்பம் கடத்தப் பூசும் பசை), கூலரைத் தூக்கும்போது செயலியையும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கழற்றுவதற்கு முன் ஏதாவது ஒரு விளையாட்டைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். அணைத்து, மின்இணைப்பைத் துண்டித்து, நான்கு திருகுகளையும் மூலைவிட்டமாகச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். பிறகு கூலரை நேராக இழுக்காமல், சீசா மூடியைத் திருகுவதுபோல் இப்படியும் அப்படியும் மெல்லத் திருப்புங்கள். பேஸ்ட் விடுபடுவது கைக்கே தெரியும். திருகுகள் வெளியே வந்ததும் போர்டுக்குப் பின்னால் இருக்கும் உலோகத் தகடு நழுவி விழும், அதை ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேபிள்சிக்கல்:

கார்டு வாங்கும் நாள் வரும்போது, நினைவகத்தோடு சேர்த்து அதன் பிசிஐஇ லேன்களையும் (கார்டுக்கும் போர்டுக்கும் இடையே தரவு போகும் பாதைகள்) பாருங்கள். பி350 போர்டு பழைய, மெதுவான பிசிஐஇ 3.0-ஐத்தான் தரும்; 5600 செயலி 4.0-க்குத் தகுதியானது என்றாலும் போர்டு விடாது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யில் நான்கே லேன்கள், 4 ஜிபி நினைவகம். நினைவகம் நிரம்பிவிட்டால் பழைய போர்டில் அது மிகவும் தடுமாறும். எட்டு லேன்களும் 8 ஜிபி-யும் கொண்ட ஆர்எக்ஸ் 6600 அதே போர்டில் பெரிய இழப்பில்லாமல் ஓடும். அது இழுக்கும் 132 வாட்டை, நல்ல நிலையில் உள்ள 450 வாட் சப்ளை தாங்கும். 60 ஹெர்ட்ஸ் 1080பி மானிட்டருக்கு அதற்கு மேல் செலவு செய்வது வீண் என்பது என் கருத்து.

நாலுகோர்:

ரேம் வந்துவிட்டது. 1200 செயலி 3200-இல் இரண்டு முறை தொடங்க மறுத்தது, 2666-இல் அமைதியாக ஓடுகிறது. நகருக்குள் நுழையும்போது உறைதல் பெரும்பாலும் போய்விட்டது. சிறிய ஒரு தடுக்கல் மட்டும் மிச்சம், டிஸ்க் விளக்கு இன்னமும் விடாமல் எரிகிறது. துப்பாக்கி விளையாட்டில் 38 ஆக இருந்தது 46 ஆகியிருக்கிறது, நான்கு கோர்களும் இன்னும் உச்சத்திலேயே நிற்கின்றன. பட்டியலில் என் போர்டுக்கு 5600 இருப்பதைப் பார்த்துவிட்டேன். பயாஸை இந்த வாரமே ஏற்றிவைக்கிறேன்.