காலோவே கைட் வழித்தடம்: உணவிடும் இடம் மட்டும் போதுமா, முழுச் சுற்றும் போக வேண்டுமா?

கேள்வி: மாலைக்காற்று

அனைவருக்கும் வணக்கம். ஸ்காட்லாந்தின் தென்மேற்கில், லாக் கென் ஏரியைச் சுற்றிச் செல்லும் காலோவே கைட் வழித்தடத்துக்கு இந்தக் குளிர்காலத்தில் என் தந்தையாரை அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். ரெட் கைட் பருந்தைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அவரால் அதிகத் தொலைவு நடக்க இயலாது. ஆனால் ஓரிடத்தில் உட்காரவைத்துவிட்டால் மணிக்கணக்கில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எங்களுக்குக் கிடைக்கப்போவது ஒரே ஒரு பகல்பொழுது. லாரிஸ்டன் கிராமத்துக்கு அருகில் உள்ள பெல்லிமேக் ஹில் பண்ணையில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பருந்துகளுக்கு இறைச்சி போடுகிறார்கள் என்று அறிந்தேன். அங்கு மட்டும் சென்று திரும்பினால் போதுமா, அல்லது வழித்தடம் முழுவதையும் சுற்றிவருவதில் தனிப் பயன் ஏதும் உண்டா? குளிர்காலம் உகந்த பருவம்தானா, இளவேனில்வரை காத்திருக்க வேண்டுமா? அப்பகுதியில் பஸ்ஸர்டு என்னும் வேறொரு வேட்டைப்பறவையும் மிகுதி என்கிறார்கள். இரண்டையும் தொலைவிலிருந்து பிரித்தறிவது எப்படி என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: ஏரிக்கரை

குளிர்காலத்தைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. இனப்பெருக்கக் காலத்தில் இணை இணையாகப் பிரிந்து வாழும் இப்பறவைகள், இலையுதிர் காலம் தொடங்கியதும் மாலை வேளைகளில் ஒரே மரக்கூட்டத்தில் கூடி அடையும் வழக்கம் கொண்டவை. ஆகவே ஒரே நாளில் பல பறவைகளைக் காணும் வாய்ப்பு குளிர்காலத்தில்தான் அதிகம்.

தந்தையாரின் நடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வழித்தடம் என்ற பெயரைக் கேட்டு நடைபாதை என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் அது ஏரியைச் சுற்றி ஏறத்தாழ 24 மைல் நீளும் கார்ப் பாதை. ஆங்காங்கே இறங்கி நின்று பார்த்துவிட்டு மேலே செல்லலாம். காட்டுக்குள் செல்லும் ரெய்டர்ஸ் ரோடு என்னும் கிளைப்பாதை வெயில்கால மாதங்களில் மட்டுமே கார்களுக்குத் திறந்திருக்கும். அதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது பகல் வெளிச்சத்தைப் பற்றித்தான். டிசம்பரில் அங்கே நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். எனவே காலையில் காசில் டக்ளஸ் என்னும் ஊரிலிருந்து புறப்பட்டு, ஏரியின் கிழக்குக் கரையை ஒட்டிய ஏ713 சாலையில் வடக்கே நியூ காலோவே வரை சென்று, மேற்குக் கரை வழியாக இறங்கி வந்தால், இரண்டு மணிக்குச் சற்று முன்னதாகவே பண்ணையை அடைந்துவிடலாம்.

பிரித்தறிவதற்கு வாலைப் பார்த்தாலே போதும். கைட்டின் வால் செம்பழுப்பு நிறத்தில் நடுவே ஆழமாகப் பிளந்திருக்கும்; பஸ்ஸர்டின் வால் விரிந்த விசிறி போல வட்டமாக முடியும். வால் சரியாகத் தெரியாத தொலைவில் இறக்கையைக் கவனியுங்கள். வட்டமிடும்போது பஸ்ஸர்டு தன் இறக்கைகளைச் சற்றே மேல்நோக்கி உயர்த்திப் பிடிக்கும். கைட்டோ சமமாகவோ முனைகள் லேசாகத் தாழ்ந்தோ வைத்திருக்கும். கைட்டின் இறக்கைக்கு அடியில், முனையை ஒட்டி, பளிச்சென்ற வெள்ளைத் திட்டும் உண்டு.

பதில்: வெண்பனி

மேலே சொன்னவற்றில் பயணத் திட்டம் சரிதான். ஆனால் உணவிடும் இடத்தையே நாளின் மையமாக வைத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. அங்கே காண்பது எண்ணிக்கையை; பறவை எப்படிப் பிழைக்கிறது என்பதை அறிய வேண்டுமானால் அது தானாக இரை தேடும் மேய்ச்சல் நிலங்களில்தான் பார்க்க வேண்டும்.

கைட்டின் இறக்கை விரிப்பு 175 முதல் 195 சென்டிமீட்டர் வரை இருந்தாலும், எடை பெரும்பாலும் ஒரு கிலோவை ஒட்டித்தான் இருக்கும். அவ்வளவு பெரிய இறக்கைக்கு அவ்வளவு குறைந்த எடை என்பதனால்தான் மெல்லிய காற்றிலும் சிறகடிக்காமல், புல்வெளிக்கு மேலே மிகத் தாழ்வாக, வாலை மட்டும் இடமும் வலமும் திருப்பித் திசை மாற்றிக்கொண்டு மிதந்து செல்ல முடிகிறது. பார்ப்பதற்குக் கம்பீரமாக இருந்தாலும் கால்களில் வலு குறைவு. இறந்துகிடக்கும் ஆட்டின் தோலைக் கிழிக்க அதனால் முடியாது. அண்டங்காக்கையோ பஸ்ஸர்டோ முதலில் கிழித்துத் திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். மழைக்குப் பிறகு ஈரமான புல்வெளியில் இறங்கி நடந்து நடந்து மண்புழு பொறுக்கும் கைட்டைக் காண உங்கள் தந்தையாருக்கு வாய்த்தால், எந்தப் பண்ணைக் காட்சியும் அதற்கு ஈடாகாது என்பது என் எண்ணம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இப்பறவை ஸ்காட்லாந்தில் 1879-இல் முற்றிலும் அழிக்கப்பட்டது; பண்ணைக்கும் மனிதர் வேட்டையாடும் பறவைகளுக்கும் கேடு செய்வதாக எண்ணிச் சுட்டும் நஞ்சு வைத்தும் கொன்றார்கள். 1989-இல் ஸ்வீடனிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து வடக்கே பிளாக் ஐல் பகுதியில் விட்டதிலிருந்துதான் மீட்பு தொடங்கியது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் சில்டர்ன்ஸ் குன்றுகளிலும், பெரும்பாலும் ஸ்பெயினிலிருந்து வந்த பறவைகளைக் கொண்டு, ஏறத்தாழ இதே அளவில் மீட்பு தொடங்கப்பட்டது. 2006 வாக்கில் சில்டர்ன்ஸில் முந்நூறுக்கும் மேற்பட்ட இணைகள் இருந்தன. பிளாக் ஐலிலோ ஐம்பதுகூட இல்லை. சட்டவிரோதமாக வைக்கப்பட்ட நச்சு இரைதான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்பது ஆய்வில் தெரியவந்தது. காலோவேயில் 2001 முதல் 2005 வரை நூற்றுக்கும் மேற்பட்ட பறவைகளை விட்டபோது உள்ளூர் உழவர்களின் ஆதரவை முன்கூட்டியே நாடியதற்கும், 2003-இல் இந்த வழித்தடத்தையே அமைத்து வருகையாளர்களால் கிராமங்களுக்கு வருவாய் கிடைக்கச் செய்ததற்கும் இந்தப் பின்னணி உண்டு. அந்த வகையில் பண்ணைக்குச் செல்வதை நான் குறை சொல்லவில்லை. அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள் என்றே சொல்கிறேன்.

மாலைக்காற்று

இருவருக்கும் மிக்க நன்றி. காலையில் கரையோரச் சுற்று, பிற்பகலில் பண்ணை என்று முடிவு செய்துவிட்டேன். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. நான் எடுக்கும் பறவைப் படங்களில் எல்லாம் பறவை வெறும் கரிய நிழலாகவே விழுகிறது. அதற்கு என்ன செய்யலாம்? ஏப்ரலில் மீண்டும் சென்றால் கூட்டை அருகில் சென்று பார்க்க முடியுமா?

பதில்: நிழற்படலம்

படம் கருப்பதற்குக் காரணம் வெளிறிய வானம்தான். கேமரா வானத்தின் வெளிச்சத்தை அளந்து பறவையை இருட்டாக்கிவிடுகிறது. எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் இருமடங்கு ஒளி). ஷட்டர் வேகம் 1/1600 நொடிக்குக் குறையாமல் இருக்கட்டும். இறக்கையின் அடிப்பகுதி தெளிவாக விழ வேண்டுமானால், பனி படிந்த தரையிலிருந்து எதிரொளி மேலே எழும் நாளைவிடச் சிறந்த நாள் கிடையாது. தந்தையாருக்கு எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x42 பைனாகுலரே போதும். அதற்கு மேல் உருப்பெருக்கம் கூடினால் கைநடுக்கமும் கூடித் தெரியும், வேகமாகத் திரும்பும் பறவையும் பார்வைக்குள் நிற்காது.

கூட்டைப் பொறுத்தவரை என் பதில் ‘கூடாது’ என்பதே. கூடு கட்டும்போதும், முட்டையோ குஞ்சோ இருக்கும்போதும் இப்பறவையை வேண்டுமென்றோ கவனக்குறைவாலோ தொந்தரவு செய்வது 1981-ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டப்படி குற்றம். கூட்டில் ஆட்டு ரோமம், கந்தல் துணி, பிளாஸ்டிக் என்று கிடைத்ததையெல்லாம் பரப்பிவைக்கும் விந்தையைக் காண எனக்கும் ஆசை உண்டு. ஆனால் அடைகாப்பு ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கும். தாய்ப்பறவை மிரண்டு எழுந்து போனால் முட்டைகள் குளிர்ந்துவிடும்.

பதில்: ஏரிக்கரை

வெண்பனி அவர்களின் கருத்தை ஏற்கிறேன். ஆயினும் பண்ணையின் பக்கம் நின்று ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். இறைச்சித் துண்டைக் கைட் எடுக்கும் விதத்தை வேறெங்கும் அவ்வளவு அருகில் காண முடியாது. இறங்கி உட்காராமல், இறக்கைகளைப் பாதி மடக்கிச் சாய்ந்து விழுந்து, ஒற்றைக் காலால் துண்டைப் பற்றிக்கொண்டு மேலே எழுந்துவிடும். பிறகு பறந்தபடியே தலையைக் குனிந்து, காலிலிருந்து அலகுக்கு மாற்றித் தின்னும். அந்த வேளையில் வெளிர் சாம்பல் நிறத் தலையையும் மஞ்சள் கண்ணையும் வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். வாலின் பிளவு ஆழமில்லாமல், மார்பு வெளிறித் தெரிந்தால் அது அந்த ஆண்டு பிறந்த இளம்பறவை என்று தந்தையாரிடம் சொல்லிவையுங்கள், கண்டுபிடித்து எண்ணிக்கொண்டிருப்பார்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் பண்ணைக்குத் தொலைபேசியில் அழைத்து, அன்று திறந்திருக்குமா, எத்தனை மணிக்கு இறைச்சி போடுவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வழியில் எங்கேனும் பருந்து இறந்துகிடக்கக் கண்டால் தொட வேண்டாம். நஞ்சு கையில் ஒட்டக்கூடும். படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, 101 என்ற எண்ணில் காவல்துறைக்குத் தெரிவியுங்கள்.