‘நம்ம வீடு’ குழுவில் ஒரு சனிக்கிழமை: லீட்ஸ் பப் பேச்சு

பெங்களூரு அண்ணன்: பாப்பா, அடுத்த மாதம் ஆபீஸில் என்னை இங்கிலாந்துக்கு, நீ இருக்கிற லீட்ஸுக்கே அனுப்புகிறார்கள். அங்கே இருக்கிற மேனேஜர், பழைய பப் ஒன்றில் ரியல் ஏல் குடிக்காமல் ஊர் திரும்பாதே என்கிறார். எங்கே போகலாம்?

நான்: கண்ணை மூடிக்கொண்டு ஒயிட்லாக்ஸ் போங்கள் அண்ணா. நேற்றுகூட ஆபீஸ் ஆட்களோடு போனேன். ஊர் நடுவில் பிரிகேட் என்று கடைத்தெரு. அதில் இரண்டு கடைகளுக்கு இடையே ஒரு சந்து போகும், உள்ளே பப். ஷாப்பிங் பையோடு போகிற பாதிப் பேர் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுவார்கள்.

சித்தி: பப் என்றால் டாஸ்மாக் தானே?

நான்: ஐயோ சித்தி. கம்பிக்குள் கையை விட்டு பாட்டில் வாங்குகிற இடம் இல்லை. என் பக்கத்து மேஜையில் ஒரு பாட்டி தனியாக உட்கார்ந்து, சாப்பிட்டபடியே பேப்பரில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

சித்தி: பாட்டி இருக்கட்டும். நீ குடித்தாயா?

நான்: அரை பைண்ட்.

சித்தி: உன் அப்பா இந்தக் குழுவில்தான் இருக்கிறார், ஞாபகம் இருக்கட்டும்.

நான்: அவர் குட் மார்னிங் படம் மட்டும்தான் பார்ப்பார்.

அப்பா: எல்லாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இடம் எப்படி என்று சொல்.

நான்: 🙈 சரி சொல்கிறேன். 1715-இல் டர்க்ஸ் ஹெட் என்ற பெயரில் லைசென்ஸ் வாங்கிய இடம் அப்பா. 1867-இல் ஜான் லப்டன் ஒயிட்லாக் என்பவர் கைக்கு வந்தது, அப்புறம் அவர் பெயரே நிலைத்துவிட்டது. உள்ளே நீளம்தான், அகலம் கிடையாது. நம் கும்பகோணத்து வீடு மாதிரி, குறுகலாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். 1207-இல் பிரிகேட் தெருவைப் போட்டபோது, இரண்டு பக்கமும் ஒல்லி ஒல்லியாக மனை பிரித்துக் கொடுத்தார்கள். மேலே கட்டடம் எத்தனையோ முறை மாறிவிட்டது, மனை மட்டும் அதே அளவில் நிற்கிறது. கவுண்டர் மேல் செம்புத் தகடு, அதன் முன்பக்கம் டைல்ஸ், சுவரில் பெரிய பெரிய கண்ணாடிகள். எல்லாம் விக்டோரியா ராணி காலத்து வேலை. அந்தக் கண்ணாடி இல்லாவிட்டால் உள்ளே மூச்சு முட்டும் என்று நினைக்கிறேன்.

பெங்களூரு அண்ணன்: அதெல்லாம் சரி. ரியல் ஏல் என்றால் என்ன தனி விசேஷம்? பீர்தானே?

நான்: பீர்தான். ஆனால் ஆலையிலிருந்து வரும்போது ஈஸ்ட் உயிரோடு வருகிறது. பப்பின் நிலவறையில் பீப்பாய்க்குள்ளேயே கடைசிக் கட்ட நொதிப்பு நடக்கும். கெக் பீர் என்றால் வடிகட்டி, கேஸ் ஏற்றி அனுப்புவார்கள், குழாயைத் திறந்தால் வரும். 1960-களில் பெரிய கம்பெனிகள் எல்லாம் கெக் பக்கம் சாய்ந்தன. பழைய முறை அழிந்துவிடும் என்று 1971-இல் நாலு பேர் சேர்ந்து ஓர் இயக்கம் ஆரம்பித்தார்கள், கேம்ரா என்று பெயர். அது இன்றும் இருக்கிறது.

அப்பா: ஈஸ்ட் உயிரோடு இருந்தால் கலங்கலாக அல்லவா இருக்கும்? எங்கள் சர்க்கரை ஆலை டிஸ்டில்லரியில் அந்த வண்டல் படிவதற்கே பொழுது போய்விடும்.

நான்: அதுதான் அங்கே நிலவறைக்காரரின் வேலை அப்பா. பீப்பாயைப் படுக்கவைத்து, மேலே ஒரு சின்ன மர முளை அடிப்பார்கள். கேஸ் மெல்ல வெளியேறட்டும் என்று முதலில் மென்மையான முளை, அது அடங்கியதும் கெட்டியான முளை. வண்டல் அடியில் இறங்கும்வரை யாரும் அசைக்கக் கூடாது. நிலவறை 11 முதல் 13 டிகிரி வரை இருக்க வேண்டும். அண்ணா, சூடான பீர் கொடுத்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். ஐஸ் மாதிரி இருக்காது, ஆனால் சூடும் கிடையாது.

அப்பா: தானாகவே படிந்துவிடுமா? சேர்மானம் ஏதாவது?

நான்: சேர்மானம் உண்டு. சொன்னால் அத்தை கோபிப்பார்.

கும்பகோணம் அத்தை: சொல்லு.

நான்: மீனின் காற்றுப்பையைக் காயவைத்து எடுக்கிற ஒரு பொருள், ஐசிங்கிளாஸ். அதைக் கலந்தால் ஈஸ்ட் திரண்டு கீழே போய்விடும்.

கும்பகோணம் அத்தை: சிவ சிவா. பீரிலும் மீனா?

தொண்டி மாமா: அட, நெட்டி! கூறல் மீன் வயிற்றில் இருக்குமே, அதுதான். இங்கே மீனை விட நெட்டிக்குத்தான் விலை. காயவைத்து வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள்.

நான்: இப்போது அது சேர்க்காத பீரும் நிறைய வருகிறது அத்தை. கொஞ்சம் மங்கலாக இருக்கும். கவுண்டரில் கேட்டால் எது என்று சொல்லிவிடுவார்கள்.

கும்பகோணம் அத்தை: எனக்கு எதற்குச் சொல்கிறாய்? 😡

பெங்களூரு அண்ணன்: 😂😂 சரி, நான் போனால் என்ன செய்யவேண்டும்? மேஜையில் உட்கார்ந்தால் வருவார்களா?

நான்: பழைய பப்பில் அப்படி எதிர்பார்க்காதீர்கள். கவுண்டரில் போய் நின்று வாங்கி, அங்கேயே காசு கொடுத்துவிட வேண்டும். வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் யார் முன்னால் வந்தது என்று பரிமாறுகிறவருக்கும் தெரியும், நிற்கிறவர்களுக்கும் தெரியும். கையை ஆட்டிக் கூப்பிட்டால் கடைசியாகத்தான் கிடைக்கும். கூட்டமாகப் போனால் ஆளுக்கு ஒரு முறை எல்லோருக்கும் வாங்குவது வழக்கம். உங்கள் முறை வரும்போது போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடாதீர்கள்.

பெங்களூரு அண்ணன்: எதைக் கேட்பது?

நான்: நீளமான கைப்பிடி வைத்த பம்பு இருக்கிறதா பாருங்கள், அதுதான் ரியல் ஏல். ஒவ்வொன்றிலும் பெயரும் ஆல்கஹால் சதவீதமும் ஒட்டியிருக்கும். ருசி பார்க்க ஒரு வாய் கேட்டால் தருவார்கள். நேற்று நான் வாங்கியது டிமதி டெய்லர் லேண்ட்லார்ட், 4.3 சதவீதம், பக்கத்தில் கீத்லியில் காய்ச்சுவது. கவுண்டரில் இருந்த பெண் கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, வளைந்த குழாயை அடிவரை விட்டு, கைப்பிடியைத் தன் பக்கம் நிதானமாக இழுத்தாள். முதலில் முழுக்க வெள்ளை நுரை, அப்புறம் அடியிலிருந்து தேன் நிறம் ஏறி வந்தது. குழாய் நுனியில் சல்லடை மாதிரி ஒரு மூடி போடுவது வடக்கு இங்கிலாந்துப் பழக்கம், நுரை கெட்டியாக நிற்கும். லண்டன் பக்கத்து ஆட்கள் அது பீரைக் கெடுக்கிறது என்பார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

அப்பா: திறந்த பீப்பாய் எத்தனை நாள் தாங்கும்? காற்று உள்ளே போகுமே.

நான்: சரியான கேள்வி. மூன்று நாள், அவ்வளவுதான். பிறகு சப்பென்று ஆகி, புளிக்க ஆரம்பிக்கும். சாதாரணப் பீப்பாயில் 72 பைண்ட், ஒரு பைண்ட் 568 மில்லி. அதை மூன்று நாளில் விற்றுத் தீர்க்கிற கூட்டம் வேண்டும். அதனால்தான் ஒயிட்லாக்ஸ் போகச் சொல்கிறேன், அங்கே பீப்பாய் தேங்கவே தேங்காது. காலியான பப்பில் பத்து கைப்பிடி வரிசையாக நின்றால் எனக்குப் பயம்தான். புளித்திருந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள், நல்ல பப் என்றால் பேசாமல் வேறு ஊற்றித் தருவார்கள்.

சித்தி: குடிக்காதவர்கள் போகலாமா? இவன் குடிக்கமாட்டான் என்றுதான் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

நான்: தாராளமாக, சித்தி. லைம் சோடா வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்காரலாம். சாப்பாடும் உண்டு.

சித்தி: அப்போது லைம் சோடாவோடு போட்டோ அனுப்பச் சொல்.

பெங்களூரு அண்ணன்: அனுப்புகிறேன் அம்மா. பாப்பா, அடையாள அட்டை கேட்பார்களா?

நான்: 18 வயது ஆகியிருக்க வேண்டும். 25-க்குக் குறைவாகத் தெரிந்தால் கேட்பார்கள்.

சித்தி: அவன் முன்மண்டையைப் பார்த்த பிறகு எவன் கேட்கப்போகிறான்?

தொண்டி மாமா: 😂😂😂 மருமகனே, அந்த நெட்டியை அங்கே கிலோ என்ன விலைக்கு வாங்குகிறார்கள் என்று மட்டும் விசாரித்துவிட்டு வா.