"நம்ம வீடு" குழு: ராத்திரி மழை

சித்தி, காலை 6:12
நேத்து ராத்திரி ஓடை நிரம்பி வாசப்படி தாண்டிருச்சு. ரெண்டு மணி வரைக்கும் அரிசி மூட்டையைக் கட்டில் மேல ஏத்திக்கிட்டிருந்தோம்.

அண்ணி, 6:20
ஐயோ, போன் பண்ணியிருக்கலாமில்ல அத்தை.

சித்தி, 6:24
பாலத்துக்கு அடியில பூரா குப்பை. இந்தப் பக்கம் ஆபீசுல "பாலத்துக்கு அந்தாண்ட எங்க எல்லை இல்லம்மா"ங்கறாங்க. அந்தப் பக்கம் போனா "மேல இருந்து வர்ற குப்பைக்கு நாங்க என்ன பண்றது"ங்கறாங்க. மூணு தடவை நடந்துட்டேன்.

ஏற்காடு மாமா, 6:31
இங்க சாயங்காலம் நாலு மணிக்கே கொட்ட ஆரம்பிச்சுதும்மா. அந்தத் தண்ணிதான் உன் வாசலுக்கு வந்திருக்கு.

நான், 6:40
சேர்வராயன் மலைத் தண்ணி கன்னங்குறிச்சி புது ஏரி, மூக்கனேரி, திருமணிமுத்தாறுன்னு இறங்குது. மலையில ஊராட்சி, அடிவாரத்துல பேரூராட்சி, கீழே சேலம் மாநகராட்சி. நம்ம குடும்பமே மூணுக்கும் வரி கட்டுது.

அண்ணி, 6:44
அப்ப அடிவாரம் வரைக்கும் மாநகராட்சியில சேர்த்துட்டா என்ன? சென்னையில 2011ல 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து, 174 சதுர கிலோமீட்டரை 426 ஆக்கினாங்களே.

ஏற்காடு மாமா, 6:52
அடிவாரத்தைச் சுத்தி இருக்கிற ஊராட்சிக்காரங்ககிட்ட கேட்டுப் பாரும்மா. சேர்த்தா கிராம சபை போயிடும். வருஷத்துக்கு ஆறு தடவை எழுந்து நின்னு வரவு செலவு கேக்கற இடம் அது. நூறு நாள் வேலைன்னு நாம சொல்ற திட்டமும் கிராமத்துக்குத்தான். அதையெல்லாம் விட்டுக் குடுன்னா யாருக்கு மனசு வரும்?

பெரியப்பா, 7:15
மாப்பிள்ளை சொல்றது நியாயம். டெல்லி மாநகராட்சியை 2012ல மூணாப் பிரிச்சாங்க, 2022ல மறுபடி ஒண்ணாக்கினாங்க. பெங்களூருவை 2025ல அஞ்சாப் பிரிச்சிருக்காங்க. பெருசா சின்னதாங்கறதைவிட, ஓடைக்கு மேல இருக்கிறவங்களும் கீழ இருக்கிறவங்களும் ஒண்ணா உக்காந்து பேச ஒரு இடம் வேணும். அரசியல் சட்டத்தோட 74ஆவது திருத்தத்துல, பத்து லட்சம் பேருக்கு மேல இருக்கிற பெருநகரப் பகுதிக்குன்னு தனித் திட்டக் குழு சொல்லியிருக்கு. குறைஞ்சது மூணுல ரெண்டு பங்கு உறுப்பினரை, மக்கள் ஓட்டுப் போட்டு ஜெயிக்க வெச்சவங்களே தங்களுக்குள்ள தேர்ந்தெடுக்கணும். 2011 கணக்குல சேலம் மாநகராட்சியில 8.29 லட்சம் பேர்தான். அதுக்காகக் காத்திருக்க வேண்டாம். அதே திருத்தத்துல மாவட்டத் திட்டக் குழுவும் இருக்கு. ஊராட்சியும் நகரமும் தண்ணியைப் பங்கு போடறதையும் பார்த்துத்தான் அது திட்டம் போடணும்னு 243 இசட்.டி. பிரிவுல எழுதியே இருக்கு. எனக்கு ரொம்ப நாளா இருக்கிற ஆதங்கம் இது. சட்டத்துல இருக்கறதையே நாம கேக்க மாட்டேங்கறோம்.

சித்தி, 7:21
அப்ப யாருக்கு எழுதணும் மாமா?

பெரியப்பா, 7:26
மாவட்டத் திட்டக் குழுவுக்கே. நகல் கலெக்டருக்கு. வெறும் மனுவா போனா ஒரு வீட்டுப் புகார்னு ஒதுக்கிடுவாங்க. மாப்பிள்ளை கிராம சபையில தீர்மானம் போடட்டும். கீழ நாம, கிராம சபை மாதிரி நகரத்துல நடக்கற பகுதி சபாவுல பேசிப் பதிவு பண்ணணும். நகரத்துல அது 2022 நவம்பர் 1லதான் ஆரம்பிச்சுது, தெருக்காரங்க பாதிப் பேருக்கு இன்னும் தெரியாது. கூட்டிட்டு வாங்க.

ஏற்காடு மாமா, 7:30
தீர்மானத்துக்கு நான் பொறுப்பு மச்சான். ஓடையில குப்பை கொட்டறதை நிறுத்தறதையும் அதுல சேர்க்கறேன். மேல நாங்க சரியா இருந்தாத்தான் கீழ கேக்க முடியும்.

நான், 7:33
மனு நான் டைப் பண்றேன். சித்தி, பாலத்தைப் போட்டோ எடுங்க, எல்லைக் கல்லும் தெரியணும்.

அண்ணி, 7:34
அரிசி நனைஞ்சிருச்சா அத்தை?

சித்தி, 7:41
அடி மூட்டை மட்டும். வெயில் வந்ததும் காயப் போடணும். போட்டோ அனுப்பறேன்.